பழைய ஸ்னோமொபைலோடு கண்காட்சிக்கும் சவாரிக்கும் போவது எப்படி

குளிர்காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலும் கனடாவின் கியூபெக், ஒண்டாரியோ பக்கமும் பழைய ஸ்னோமொபைல் (முன்னால் ஸ்கீ, பின்னால் சுழலும் ட்ராக் கொண்டு பனியில் ஓடும் வண்டி) கண்காட்சிகள் பல நடக்கின்றன. மிச்சிகன் அப்பர் பெனின்சுலாவில் மிச்சிகன் ஏரியின் வடகரையில் நாபின்வே என்றொரு சின்ன ஊர். அங்குள்ள டாப் ஆஃப் தி லேக் ஸ்னோமொபைல் அருங்காட்சியகத்தை ஒட்டி நடப்பது இந்த வகைக்கு நல்ல உதாரணம். தெற்கிலிருந்து வருபவர்கள் மேக்கினாக் பாலத்தைத் தாண்டி, யுஎஸ் 2 சாலையில் மேற்கே போக வேண்டும்.

வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்வைக்கு வைப்பது பாதி, அதே வண்டிகளில் கூட்டமாகப் பனிப்பாதையில் போவது மீதி. பெயின்டும் ஸ்டிக்கரும் பளிச்சென்று இருந்தால் கண்காட்சியில் பரிசு கிடைக்கும். சவாரியில் அவை ஒரு மைல்கூட இழுக்காது. அங்கே வண்டியை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் காய்ந்துபோன ஒரு ரப்பர் சீல், விறைத்துப்போன ஒரு டயாபிரம் (கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு), பழைய பெட்ரோல், இவற்றில் ஒன்றுதான். அதனால் தயாரிப்பை எஞ்சினிலிருந்து தொடங்குங்கள். துடைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மாதம் முன்பே: எஞ்சின்

1960, 70களின் ஸ்கீ-டூ, போலாரிஸ், ஆர்க்டிக் கேட் எல்லாம் பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், நம்ம ஊர் பழைய லாம்பிரெட்டா மாதிரி. அந்தக் காலத்துக் கையேட்டில் 20:1 என்று இருக்கும். அது அன்றைய ஆயிலுக்கான கணக்கு. இன்றைய ஏபிஐ டிசி தர ஆயிலுக்குப் பலரும் 40:1 வைத்துக்கொள்கிறார்கள்: 10 லிட்டர் பெட்ரோலுக்கு 250 மில்லி, 5 கேலன் கேனுக்கு 16 அவுன்ஸ். படகு எஞ்சினுக்கான டிசி-டபிள்யூ3 ஆயில் வேறு. தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்காக அது செய்யப்பட்டது. காற்றால் குளிரும் எஞ்சினில் அதை ஊற்றாதீர்கள்.

ஆயிலைக் கூட்டிப் போட்டால் எஞ்சினுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் நிறைய. ஆயில் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது. எஞ்சின் லீனாகி (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து), சூடு ஏறுகிறது. எந்த விகிதம் என்பதை முதலிலேயே முடிவு செய்து, அதற்கேற்பக் கார்பரேட்டரைச் செட் செய்யுங்கள். கண்காட்சி நடக்கும் இடத்தில் யாரோ சொன்னார் என்று மாற்ற வேண்டாம்.

பெட்ரோல் எத்தனால் கலக்காததாக இருக்கட்டும். பத்து சதவீதம் எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் பழைய ஃப்யூயல் டியூபை இளக்கிவிடும். டாங்கில் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அந்த ஊர்களின் பல பெட்ரோல் பங்க்குகளில் படகுக்கும் ஸ்னோமொபைலுக்கும் என்றே எத்தனால் இல்லாத பெட்ரோல் தனிக் குழாயில் கிடைக்கிறது.

அடுத்தது கிராங்க் சீல், அதாவது கிராங்க் ஷாஃப்ட் எஞ்சினை விட்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம். வருடக்கணக்கில் கொட்டகையில் கிடந்த எஞ்சினில் சீல் கட்டாயம் காய்ந்திருக்கும். அதன் வழியாக வெறும் காற்று உள்ளே இழுக்கும், கலவை லீனாகும், பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அறிகுறி எளிது: எஞ்சின் சூடானபின் த்ராட்டிலை விட்டாலும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கும். இதைக் கண்டால் கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிச் சமாளிக்காதீர்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்துவிட்டு, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சீல்களைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ ஓட்டை. குமிழி வரும் இடம்தான் அது. சீலின் விலை சொற்பம். பிஸ்டன், சிலிண்டர் வேலை என்று இறங்கினால் அந்தக் குளிர்காலமே போய்விடும்.

கம்ப்ரஷன் 120 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் கவலையில்லை. 100க்குக் கீழே என்றால் சவாரிக்கு அந்த வண்டி வேண்டாம், கண்காட்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் இரண்டுக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

டில்லாட்சன் கார்பரேட்டர் என்றால் டயாபிரம் கிட்டை யோசிக்காமல் மாற்றுங்கள். பழைய டயாபிரத்தை விரலால் மடக்கினால் காகிதம் போலச் சரசரக்கும். புதியது சத்தமில்லாமல் வளையும். தொடக்க செட்டிங்காக ஹை-ஸ்பீட் ஊசியை ஒன்றேகால் சுற்று, லோ-ஸ்பீடை முக்கால் முதல் ஒரு சுற்று திறந்து வைத்து, அங்கிருந்து நகருங்கள். மிகுனி கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் சின்ன ஓட்டையான ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் போதும். இங்கே பலர் கோட்டைவிடும் விஷயம் குளிர். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம், அதனால் அதற்குப் பெட்ரோலும் அதிகம் வேண்டும். பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில் சரியாக ஓடிய வண்டி மைனஸ் 20ல் லீனாக ஓடும். ஹை-ஸ்பீட் ஊசியை அரைக்கால் சுற்று கூடுதலாகத் திறப்பது, அல்லது மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குவது நல்லது. முழு த்ராட்டிலில் கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே ஆஃப் செய்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப் பழுப்பு சரி. வெளுத்திருந்தால் அன்றைக்குச் சவாரி கிடையாது.

ட்ராக், பெல்ட், சஸ்பென்ஷன்

வண்டியின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி ட்ராக்கைச் சுற்றவிடும்போது பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. ரப்பர் பட்டைகளில் இரும்புக் கிளீட் (குறுக்குச் சட்டம்) ரிவெட் அடித்த பழைய ட்ராக்கில் ஒரு கிளீட் பிய்ந்தால் அது தோட்டா வேகத்தில் பறக்கும். ரிவெட் ஆடுகிறதா, கிளீட்டுகளுக்கு நடுவே ரப்பர் வெடித்திருக்கிறதா என்று எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பாருங்கள்.

ட்ராக்கைச் சின்னச் சக்கரங்கள் தாங்கும் போகி வீல் வண்டிகளில் பேரிங்கும் ஸ்பிரிங்கும் முக்கியம். கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றிலும் புது கிரீஸ் வரும்வரை அடியுங்கள். ட்ராக் நீளமான ரயில்களின்மேல் வழுக்கி ஓடும் ஸ்லைடு ரயில் வண்டிகளில் ரயிலின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைக்கு ஹைஃபாக்ஸ் என்று பெயர். இதற்குக் கிரீஸ் எதுவும் இல்லை, பனிதான் மசகு. கெட்டியாக அழுத்தப்பட்ட பாதையிலோ வெறும் ஐஸிலோ தொடர்ந்து ஓட்டினால் பட்டை உருகி ட்ராக்கோடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் உடனே பாதையோரத்துத் தளர்ந்த பனியில் இறக்கி ஓட்டுங்கள். பனி குறைவான வருடத்தில் போகி வீல் வண்டியையே எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

டிரைவ் பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல மினுங்கினால் அது வழுக்கும், மாற்றுங்கள். ஓடிப் பார்த்த ஒரு பெல்ட் எப்போதும் கூடவே இருக்கட்டும்.

கண்காட்சி வரிசையில்

பதிவு காலையில் சீக்கிரம் முடிந்துவிடும். எந்தப் பிரிவு என்று கேட்பார்கள்: தயாரித்த காலம், கம்பெனி, அசல் நிலை, புதுப்பித்தது, ரேஸ் வண்டி, அபூர்வ வண்டி என்று பிரிவுகள் இடத்துக்கு இடம் மாறும். பிரிவை மாற்றிச் சொல்லித் தோற்பவர்கள் உண்டு. சீட், பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் தொழிற்சாலையில் வந்ததே என்றால் மட்டும் அசல் பிரிவு. ஒரு பக்க ஸ்டிக்கரை மாற்றியிருந்தாலும் அதைச் சொல்லிவிடுவது நல்லது; நடுவர்கள் பெரும்பாலும் நாற்பது வருடம் அதே மாடலைப் பார்த்தவர்கள்.

பக்கத்தில் ஒரு அட்டையில் வருடம், மாடல், எஞ்சின் சிசி, எங்கே தயாரானது என்று எழுதி வையுங்கள். கையேடோ டூல் கிட்டோ இருந்தால் பார்வைக்கு வையுங்கள். வரலாறு இரண்டு வரி போதும். உதாரணமாக: ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே கியூபெக்கின் வால்கோர்ட்டில் ஸ்கீ-டூவை 1959ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். போலாரிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்கர் ஹெட்டீன் அங்கிருந்து விலகித் தீஃப் ரிவர் ஃபால்ஸில் ஆரம்பித்த கம்பெனிதான் பிறகு ஆர்க்டிக் கேட் ஆனது. விஸ்கான்சினின் செய்னரில் கார்ல் எலியாசன் 1924லேயே மோட்டார் பொருத்திய டபாகனை (பனியில் சறுக்கும் நீளப் பலகை வண்டி) செய்துவிட்டார். இந்த மூன்றும் தெரிந்தால் அங்கே யாரோடும் பேச்சுக் கொடுக்கலாம்.

அடுத்தவர் வண்டியில் கேட்காமல் உட்காராதீர்கள், ஹூட்டையும் தூக்காதீர்கள். இது மரியாதைக்காக மட்டுமல்ல. மைனஸ் 20ல் ஐம்பது வயது வினைல் சீட் உட்கார்ந்த மாத்திரத்தில் பிளந்துவிடும்.

பழைய பாகச் சந்தை கூடவே நடந்தால் பணத்தை நோட்டாக எடுத்துப் போங்கள். டேப்பும் காலிப்பரும் பையில் இருக்கட்டும். பிரிக்காத பெட்டியில் இருக்கும் பழைய ஸ்டாக் பெல்ட், டயாபிரம், சீல் இவற்றுக்கு ஆசைப்படாதீர்கள். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயது ஆகத்தான் செய்யும். இரும்பு, அலுமினியம், கண்ணாடிப் பாகங்களுக்கு அந்தப் பயம் இல்லை. எஞ்சின் வாங்குவதென்றால், “சுத்துது சார்” என்ற வார்த்தை போதாது. மஃப்லரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். செங்குத்தாகக் கோடுகள் ஓடியிருந்தால் அது ஒருமுறை பிடித்துக்கொண்ட எஞ்சின், விலை பாதிதான்.

சவாரி

ஹெல்மெட் கட்டாயம். பதிவு, பாதை அனுமதி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பழைய வண்டிகளுக்குச் சில இடங்களில் தனி வகை உண்டு. கிளம்பும் முன் அந்த மாநில இயற்கை வளத்துறையின் தளத்தைப் பாருங்கள்.

உடைக்கு ஒரே விதி: உடம்பை ஒட்டிப் பருத்தி கூடாது. வியர்வையில் நனைந்த பனியன் உடம்பிலேயே ஐஸாகும். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர், நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றுப் புகாத சூட். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது மைனஸ் 22 போல உறைக்கும். பழைய வண்டியில் ஹேண்டில் சூடாக்கியும் இருக்காது, கண்ணாடியும் குட்டை. விரல்களுக்கு க்ளவுஸை விட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் மேல்.

வண்டியைக் கிளப்பும் முன் த்ராட்டிலை அமுக்கி விடுங்கள்; டக்கென்று திரும்ப வேண்டும். கேபிளுக்குள் ஐஸ் கட்டியிருந்தால் எஞ்சின் பிடித்தவுடன் வண்டி தானாகவே பாயும். எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று அங்கேயே சோதியுங்கள். இரவு வெளியில் நின்ற வண்டியின் ட்ராக்கும் ஸ்கீயும் தரையோடு உறைந்திருக்கும். முதலில் ஸ்கீயையும், பிறகு பின்பக்கத்தையும் தூக்கிப் பிரித்துவிட்டுத்தான் த்ராட்டில். இல்லாவிட்டால் பெல்ட் கருகும்.

முன்னால் வழிகாட்டி, கடைசியில் ஒருவர், நடுவில் நீங்கள். வேகம் பெரும்பாலும் மணிக்கு 20, 30 மைல்தான். இந்த மெதுவான ஊர்வலம் எல்லா வண்டிக்கும் ஒத்துக்கொள்ளாது. ஃபேன் இல்லாத ஃப்ரீ-ஏர் எஞ்சின்கள், ஸ்கீ-டூவின் எழுபதுகளின் டிஎன்டி ஃப்ரீ ஏர், ஆர்க்டிக் கேட்டின் முதல் எல் டிக்ரே போன்றவை, எதிர்க்காற்றில்தான் குளிரும். வரிசை ஊர்ந்தால் ஒதுங்கி நிறுத்தி அணைத்துவிடுங்கள், இடைவெளி கிடைத்ததும் ஓட்டிச் சேர்ந்துகொள்ளலாம். திருப்பத்தில் பிரேக்கை நம்பாமல் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, உள்பக்கம் உடம்பைச் சாய்த்துத் திருப்புங்கள். பட்டை ஸ்பிரிங் ஸ்கீக்கு ஓட்டுநரின் எடைதான் பிடிப்பு.

ஏரியைக் கடக்கும் பாதை என்றால், வண்டிக்குத் தெளிவான ஐஸ் குறைந்தது 5 முதல் 7 அங்குலமாவது வேண்டும்; வெள்ளை ஐஸுக்கு அதைப் போல இரு மடங்கு. குறியிட்ட தடத்தை விட்டு விலகாதீர்கள். ஐஸ் உடைந்து விழுந்தால் குத்திப் பிடித்து ஏற, ஐஸ் குத்தி இரண்டு கழுத்தில் தொங்கட்டும்.

பெட்ரோல் கணக்குக்குக் கேலனுக்கு எட்டு மைல் என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டியவை: பெல்ட், நான்கு பிளக், பிளக் ஸ்பேனர், கால் அங்குல ஃப்யூயல் டியூப் ஒரு முழம், கட்டுக்கம்பி, டேப், வண்டியை இழுக்கக் கயிறு. ஸ்பேனரில் மில்லிமீட்டரும் அங்குலமும் இரண்டும் வேண்டும். ரோட்டாக்ஸ் எஞ்சின் மெட்ரிக், அது உட்கார்ந்திருக்கும் ஸ்கீ-டூ சேசிஸ் அங்குலம்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் தேங்கி ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டால் சோக்கை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, பிளக் கம்பித் தலையை எஞ்சின் உடம்போடு எர்த் செய்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியே வைத்து, ஏழெட்டு முறை ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். காய்ந்த பிளக்கைப் போட்டு, த்ராட்டிலைப் பாதி திறந்து இழுத்தால் பிடிக்கும். ஒருவேளை ஓடும்போதே சத்தம் மெல்லியதாகி, இழுவை குறைந்து, வண்டி தானாக வேகம் தளர்ந்தால் அது பிஸ்டன் பிடிக்கப்போகிற அறிகுறி. உடனே த்ராட்டிலை விட்டுக் கில் ஸ்விட்சை அமுக்குங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, ஸ்டார்ட்டர் கயிறு லேசாக இழுபட்டாலும் அதை மறுபடி ஓட்ட வேண்டாம். கயிறு கட்டி இழுத்து வருவதென்றால் டிரைவ் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இழுங்கள்.

திரும்பும்போது

டிரெய்லரில் ஸ்கீயை ஒரு குறுக்குக் கட்டையாலும் பின்பம்பரை ஸ்ட்ராப்பாலும் கட்டுங்கள். ஸ்ட்ராப் ட்ராக்கின் மேல் வேண்டாம். துணி உறை போடாமல் ஓட்டினால் சாலை உப்பு முழுவதும் குரோமில் படியும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரால் அடிப்பக்கத்தைக் கழுவி, உலரவிட்டு, கிரீஸ் நிப்பிள்களில் மறுபடி அடியுங்கள். அந்த வருடத்துக்கு அதுதான் கடைசி ஓட்டம் என்றால் டாங்கையும் கார்பரேட்டரையும் காலி செய்து, பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை விட்டு, நாலைந்து முறை மெதுவாகக் கயிற்றை இழுங்கள். டிரைவ் பெல்ட்டைக் கழற்றித் தட்டையாக வைத்து, பின்பக்கத்தைக் கட்டைமேல் ஏற்றி, ட்ராக் தரையில் படாமல் நிறுத்துங்கள்.