கத்தியை எடுக்கும் முன் சால்னாவுக்குச் சண்டை போடட்டும்

என் முதல் குறும்படத்தில் இரண்டு அடியாட்கள். ஒருவனைத் தீர்த்துக்கட்டப் போகிற வழியில் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து நாலு பக்கத்துக்குப் பேசுவார்கள். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. எடிட்டிங் செய்யும் நண்பர் அந்தத் தாளை வாங்கி, ஓரத்தில் இருந்த பெயர்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இது யாரு பேசுறது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் நானாகவே இருந்தார்கள்.

நீங்கள் எழுதினால் முதலில் இந்தக் கட்டைவிரல் சோதனையைச் செய்துவிடுங்கள். தோற்றால் வசனத்தை மெருகேற்ற உட்காராதீர்கள். ஆளுக்கொரு சின்னக் கொள்கை கொடுங்கள். பெரிய கொள்கை வேண்டாம். காசு, சோறு, செருப்பு மாதிரி அற்பமான விஷயமே போதும்.

ஹாலிவுட் இயக்குநர் டாரன்டினோவின் 'ரிசர்வாயர் டாக்ஸ்' (1992) படத் தொடக்கத்தில் கொள்ளையர்கள் காலைச் சாப்பாடு முடித்துவிட்டு டிப்ஸ் வைக்கிறார்கள். மிஸ்டர் பிங்க் மட்டும் வைக்க மாட்டேன் என்கிறான். பரிமாறிய பெண் காப்பியை மூன்று தடவைதான் நிரப்பினாளாம், இவனுக்கு ஆறு தடவை நிரப்ப வேண்டுமாம். கேட்க வேடிக்கைதான். ஆனால் கடைசியில் மற்றவர்கள் விசுவாசம், கோபம் என்று ஒருவரை ஒருவர் துப்பாக்கியால் குறிபார்க்கும்போது, இவன் ஒதுங்கிப் பதுங்கி, வைரப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். ஒரு டாலருக்குக் கணக்குப் பார்த்தவன் உயிருக்கும் கணக்குப் பார்க்கிறான். அந்தக் கணக்கை நாம் சாப்பாட்டு மேசையிலேயே பார்த்துவிட்டோம்.

அடுத்தது, பேச்சு கதையை நகர்த்த வேண்டும். அதே டாரன்டினோவின் 'பல்ப் ஃபிக்‌ஷன்' (1994) படத்தில் ஜூல்ஸ், வின்சென்ட் என்று இரண்டு அடியாட்கள் காரில் பர்கரைப் பற்றி அரட்டை அடிக்கிறார்கள். அப்புறம் கொல்லப்போகிற ஆட்களின் கதவருகே போய், இன்னும் நேரம் ஆகவில்லை என்று தள்ளி நின்று, முதலாளியின் மனைவிக்குக் கால் பிடித்துவிட்டவனை மாடியிலிருந்து தூக்கி எறிந்தது நியாயமா என்று வாதாடுகிறார்கள். வெட்டிப்பேச்சு போலத்தான் இருக்கும். ஆனால் அதே மனைவியைத்தான் வின்சென்ட் பிறகு வெளியே கூட்டிப்போக வேண்டும். பர்கரும் சும்மா வரவில்லை. அறைக்குள் போனதும் ஜூல்ஸ், சாகப்போகிற பையனின் பர்கரை எடுத்துக் கடித்துப்பார்த்து ருசியைப் புகழ்கிறான். காரில் சிநேகமாக இருந்த அதே பேச்சு இங்கே வயிற்றைக் கலக்குகிறது. குரலை உயர்த்தவே தேவையில்லை. இந்த ஒரு உத்திக்காகவே அந்தக் காட்சியைப் பத்து முறையாவது நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன்.

நம் ஊர் பஞ்ச் டயலாக் எனக்குப் பிடிக்கும், விசிலும் அடிப்பேன். ஆனால் அது பெரும்பாலும் ஆள் தன்னைப் பற்றித் தானே அடிக்கும் போஸ்டர். நான் சொல்லும் பேச்சில் அவன் வேறு எதையோ பேசுவான், நாம் அவனைத் தெரிந்துகொள்வோம்.

சரி, என் பரோட்டாக் கடை. மூத்தவன் எங்கே சாப்பிட்டாலும் காசு கொடுத்துவிடுவான். பயந்துகொண்டு போடும் சோறு செரிக்காது என்பான். இளையவன், கடைக்காரர் பயப்படுவதே நமக்குச் சம்பளம் என்பான். இவன் ஓசியில் மூன்றாவது தடவை சால்னா கேட்க, சண்டை. அதற்குள் போன் வர, காசு கொடுக்காமலே கிளம்புகிறார்கள். நாலு பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று. கொலைக் காட்சியில் ஒரு வசனம்கூட வைக்கவில்லை. அது முடிந்ததும் மூத்தவன் வண்டியைத் திருப்பச் சொல்கிறான்: "பரோட்டாக்காரருக்கு எம்பது ரூவா தரணும்டா."

சாப்பிட்டுக்கொண்டே பேசும் சீன் எடுத்தால் பரோட்டாவைக் கணக்குப் பார்க்காமல் வாங்கி வையுங்கள். எங்களுக்கு ஏழாவது டேக்கில் சால்னா தீர்ந்துபோய், வெந்நீரில் மிளகாய்த்தூள் கரைத்து ஊற்றினோம்.