கவசத்தோடு கவாத்து: உடையணியும் ரசிகர் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்பனைப் படையொன்றின் வீரர்களாக உடையணிந்து ஊர்வலங்களிலும் விழாக்களிலும் தோன்றும் ரசிகர் குழுக்கள் ஏதோ ஒரு கட்டத்தில் கவாத்து, அதாவது படைவீரர்களின் அணிநடைப் பயிற்சி, பழக விரும்புவது இயல்பு. இருபது பேர் ஒரே கவசத்தை அணிந்து கூடி நின்றால் அது கூட்டம். அதே இருபது பேரும் ஒரே நொடியில் காலெடுத்து வைத்தால் அது படை. பார்ப்பவர் மனத்தில் அந்த வேறுபாடு சட்டென்று பதிந்துவிடுகிறது. ஆனால் உண்மையான படைகளின் கவாத்து, கைகால்களைத் தடையின்றி வீசவும் இருபுறமும் பார்க்கவும் கூடிய உடலுக்காக வகுக்கப்பட்டது. தலைக்கவசமும் தொடைத்தகடும் அணிந்த உடலுக்கு அதை அப்படியே பொருத்த முற்படுவதிலிருந்துதான் இக்குழுக்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

இதை எங்கள் குழுவிலேயே கண்டேன். ஆறு வாரம் சாதாரண உடையில் பழகி, திருப்பங்களும் நிறுத்தமும் பிசகின்றி வந்த பிறகுதான் முதன்முறையாக முழு உடையில் அணிவகுத்தோம். முதல் இருபது அடிக்குள் மூன்றாம் வரிசையிலிருந்த ஒருவரின் கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்து பார்வை மறைந்துவிட்டது. முன்னால் நடப்பவரின் முதுகு தெரியாததால் அவர் நடையைக் குறைத்தார். பின்னால் வந்தவரின் தோள்தகடு அவர் முதுகில் இடித்தது. அப்போது கொடுக்கப்பட்ட இடப்புறத் திருப்பக் கட்டளை பாதிப் பேருக்குக் கேட்கவே இல்லை. ஆறு வார உழைப்பில் யாரும் குறை வைக்கவில்லை. பழகிய உடலும் நடந்த உடலும் வேறாகிவிட்டன என்பதே காரணம். அன்றிலிருந்து ஒவ்வொரு பயிற்சியின் கடைசிப் பகுதியையாவது தலைக்கவசத்தோடும் காலணியோடும் நடத்துவது எங்களுக்கு விதியாயிற்று. முழுக் கவசமும் தேவையில்லை. கண்ணையும் காதையும் காலையும் கட்டுப்படுத்தும் பாகங்கள் இருந்தாலே போதும்.

அடுத்த தவறு, படைகளின் நடையளவை அப்படியே எடுத்துக்கொள்வது. அமெரிக்கத் தரைப்படையின் விரைவு நடை நிமிடத்துக்கு 120 அடிகள், ஒவ்வோர் அடியும் 30 அங்குலம். அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 91 மீட்டர் தொலைவு, மணிக்கு ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் வேகம். முழங்காலுக்கு மேலும் கீழும் கடினத் தகடு அணிந்தவர் 30 அங்குலம் எட்டி வைக்க முயன்றால் தகடு தொடையின் உட்புறத்தைக் கடிக்கும். அவர் இடுப்பைத் திருப்பித் திருப்பி நடக்கத் தொடங்குவார். தரையில் சுண்ணக்கோட்டால் 24 அங்குல இடைவெளிகளைக் குறித்து, நிமிடத்துக்கு 100 அடி என்று தாளம் வைத்துப் பாருங்கள். வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டருக்குக் கீழே இறங்கும், ஆனால் அணி முழுவதும் ஒன்றாகத் தெரியும். குழுவிலேயே மிகக் குட்டையான காலும் மிக இறுக்கமான கவசமும் உடையவர் எவரோ, அவரால் சிரமமின்றி வைக்க முடிந்த அடியே அணியின் அடியாக இருக்க வேண்டும். நெட்டையானவர்களுக்கு அடியைச் சுருக்குவது எளிது. குட்டையானவர்களால் நீட்ட முடியாது.

தொலைவையும் இத்துடன் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஸ்டார் வார்ஸ் படங்களின் வீரர்களாக உடையணியும் 501வது லீஜியன் என்ற ரசிகர் அமைப்பின் உறுப்பினர்கள் 2007 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் பசடேனா நகரில் நடந்த ரோஸ் பரேட் என்ற புத்தாண்டு ஊர்வலத்தில் அணிவகுத்தார்கள். அந்த ஊர்வலப் பாதையின் நீளம் ஐந்தரை மைல், அதாவது ஏறக்குறைய 9 கிலோமீட்டர். மேலே சொன்ன சிறிய அடியில் அத்தொலைவைக் கடக்க இரண்டரை மணி நேரம் பிடிக்கும். பயிற்சித் திடலில் நூறு மீட்டர் நடந்து பார்த்துவிட்டு நீண்ட ஊர்வலத்துக்குப் பெயர் கொடுப்பது, உறுப்பினர்களின் கால்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பெரும்பாலான குழுக்கள் முதல் நாளிலேயே நடக்கத் தொடங்கிவிடுகின்றன. நிற்கப் பழகாத அணி நடக்கும்போது அழகாக இருப்பதில்லை. விறைப்பாக நிற்கும் அட்டென்ஷன் நிலையில் குதிகால்கள் சேர்ந்திருக்க, பாத நுனிகள் விரிந்திருக்கும் கோணம் எவ்வளவு என்பதிலேயே படைக்குப் படை வேறுபாடு உண்டு. அமெரிக்கத் தரைப்படையில் அது 45 பாகை. உங்கள் காலணி அதற்கு இடம் தருகிறதா என்று பார்த்து ஓர் அளவை முடிவு செய்யுங்கள். அதன் பிறகு கை எங்கே இருக்கும், விரல்கள் மடங்கியிருக்குமா நீண்டிருக்குமா, ஆயுதம் வைத்திருப்பவர் அதை எந்தப் பக்கம் பிடிப்பார் என்பனவற்றை ஒவ்வொன்றாகத் தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காத முடிவை ஒரு மாதத்துக்குப் பின் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நினைவுகூர்வார்கள்.

வரிசையை நேராக்கும் டிரெஸ்ஸிங் இதைவிடச் சிக்கலானது. படைவீரர் நடக்கும்போது கடைக்கண்ணால் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து வரிசையைச் சரிசெய்கிறார். தலைக்கவசம் அணிந்தவருக்குக் கடைக்கண் பார்வையே கிடையாது. ஆகவே, கடைக்கண்ணை நம்பிப் பழகிய அணி, விழா நாளில் பாம்புபோல வளைந்து நெளியும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நிற்கும்போது தலையை முழுமையாகத் திருப்பிப் பார்த்துச் சரிசெய்துகொண்டு, கட்டளை வந்ததும் எல்லாரும் ஒருசேர முகத்தை முன்னே கொண்டுவருவது ஒன்று. நடக்கும்போது பக்கத்தவரை விட்டுவிட்டு, நேர் முன்னால் நடப்பவரின் கவசத்தில் குறிப்பிட்ட ஒரு புள்ளியை, முதுகுப்பெட்டியின் நடுவையோ கழுத்துக்குக் கீழுள்ள விளிம்பையோ, குறியாகக் கொண்டு நடப்பது மற்றொன்று. முதல் வரிசைக்கு அந்த வசதி இல்லை என்பதால், அதில் நிற்பவர்கள் குழுவில் நன்கு பழகியவர்களாக இருக்க வேண்டும். அழகான உடை வைத்திருப்பவரை முன்னால் நிறுத்தும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். அந்த ஆசை அணியைக் கெடுத்துவிடும்.

கட்டளைகளுக்கு வருவோம். பெரும்பாலான கட்டளைகளுக்கு இரண்டு பகுதிகள் உண்டு: என்ன செய்யப் போகிறோம் என்று அறிவிக்கும் முன்கட்டளை, செய் என்று சொல்லும் செயல்கட்டளை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் அணி தன் உடலைத் தயார் செய்துகொள்கிறது. புதிய அணித்தலைவர்கள் அந்த இடைவெளியை ஒரு முறை நீட்டியும் மறுமுறை சுருக்கியும் கூறுவார்கள். பாதிப் பேர் முந்திக்கொள்வது அதனால்தான். எத்தனை அடி என்று எண்ணி, எப்போதும் அதே அளவு இடைவெளி விட வேண்டும். நிறுத்தக் கட்டளையில் குழப்பம் இன்னும் மிகுதி. அமெரிக்கத் தரைப்படை முறையில் எந்தக் கால் தரையைத் தொடும்போதும் அக்கட்டளையைத் தரலாம். அதன்பின் ஓர் அடி வைத்து, மறு காலைச் சேர்த்து நிற்க வேண்டும். பிரித்தானிய மரபில் வந்த முறைகளில் இன்ன கால் தரையில் படும்போதுதான் கட்டளை தர வேண்டும் என்ற வரையறை உண்டு. முன்பு சீருடைப் பணியிலோ பள்ளி மாணவர் படையிலோ இருந்த இருவர் ஒரே குழுவில் சேர்ந்தால், ஒவ்வொருவரும் தாம் கற்றதே சரி என்று நம்புவார்கள். சல்யூட்டிலும் இதே நிலைதான்: பிரித்தானியத் தரைப்படையினரின் உள்ளங்கை வெளிப்புறம் நோக்கியிருக்கும், அமெரிக்கப் படையினருடையது கீழ்நோக்கியிருக்கும். இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதமே தேவையற்றது. உங்கள் கற்பனைப் படைக்கு மூலக்கதையில் ஒரு முறை காட்டப்பட்டிருந்தால் அதையும், இல்லையென்றால் ஏதேனும் ஒரு நாட்டு முறையை முழுமையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டைக் கலந்தால் பழகுவோருக்கும் குழப்பம், பார்ப்போருக்கும் குழப்பம்.

கட்டளை கொடுப்பவர் தலைக்கவசத்துக்குள்ளிருந்து கத்துவதும் வழக்கமான பிழை. குரல் கவசத்துக்குள்ளேயே சுழன்று, வெளியே முணுமுணுப்பாகவே வரும். முகம் திறந்த அதிகாரி வேடம் உங்கள் கதையில் இருந்தால், அணித்தலைவருக்கு அதையே கொடுங்கள். தாளத்துக்கு முரசு வைத்திருக்கும் குழுக்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. முரசு அணியின் முகப்பில் இருந்து, கடைசி வரிசை 34 மீட்டர் பின்னால் இருந்தால், அவர்களுக்கு ஒவ்வொரு முரசொலியும் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தித்தான் கேட்கும். நிமிடத்துக்கு 100 அடி வைக்கும் நடையில் ஓர் அடிக்கு 0.6 நொடி, அதில் ஆறில் ஒரு பங்கு தாமதம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். பின்வரிசையைக் கடிந்துகொள்வதற்கு முன், முரசை அணியின் நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

தெருமுனையில் அணி சக்கரம்போல் திரும்பும்போது, எல்லாரும் ஒரே அளவு அடி வைத்தால் வரிசை கட்டாயம் உடையும். தோள்தகடுகளுக்கு இடம்விட்டு ஒரு மீட்டருக்கு ஒருவராக நால்வர் நிற்கும் வரிசையில், வெளிப்புறத்தவர் கால்வட்டமாக 4.7 மீட்டர் நடக்க வேண்டும். 24 அங்குல அடியில் அது எட்டு அடிகள். உட்புறத்தவர் அந்த எட்டு அடிகளையும் நின்ற இடத்திலேயே வைத்தபடி சிறிது சிறிதாகத் திரும்ப வேண்டும். வரிசையில் அறுவர் என்றால் பதின்மூன்று அடிகள் ஆகும். இந்த எண்ணிக்கையை எல்லாரும் மனத்துக்குள் எண்ணிப் பழகினால், பக்கத்தவர் கண்ணில் படாவிட்டாலும் திருப்பம் கூடிவரும். அகலம் குறைந்த தெருவில் ஆறு பேர் வரிசை வைப்பதைத் தவிர்த்துவிடலாம்.

அசையாமல் நிற்பதன் ஆபத்தைப் பற்றிக் குழுக்கள் போதிய அளவு பேசுவதில்லை. முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றால், கால் தசைகள் இயங்காததால் இரத்தம் கால்களிலேயே தேங்கி மூளைக்குச் செல்வது குறைந்து மயக்கம் வரலாம். வெப்பமும் நீரிழப்பும் அதை விரைவுபடுத்தும். பயிற்சி பெற்ற படைவீரர்களே அணிவகுப்பில் சரிந்து விழுவதுண்டு. கடினக் கவசம் அணிந்தவர் மயங்கினால் கையூன்றாமல் முகம் குப்புற விழுவார். முழங்காலைச் சற்றே தளர்த்தி வைக்கவும், காலணிக்குள் விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கவும், கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்தவும் முதல் நாளே கற்றுக்கொடுங்கள். உடையணியாத துணையாட்கள் தண்ணீரோடு உடன்வர வேண்டும். தலை லேசாக ஊசலாடுவது தெரிந்தால், கட்டளைக்குக் காத்திராமல் அவரை வெளியே அழைத்துச் செல்லும் அதிகாரம் அவர்களுக்கு இருக்க வேண்டும். தனக்கு முடியவில்லை என்று காட்ட ஒரு கைச்சைகையும் வேண்டும். கவசத்துக்குள் இருப்பவரின் முகம் வெளுத்திருப்பது யாருக்கும் தெரியாது.

எல்லாரையும் ஒரே நாளில் திரட்டிக் கற்றுக்கொடுக்கும் முயற்சியும் பலன் தருவதில்லை. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1778இல் வேலி ஃபோர்ஜ் பாசறையில் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியான ஸ்டூபன், அமெரிக்கப் படை முழுவதையும் ஒன்றாக நிறுத்திப் பயிற்றுவிக்கவில்லை; ஏறத்தாழ நூறு பேர் கொண்ட முன்மாதிரி அணியொன்றைத் தாமே பழக்கி, அவர்கள் வழியாக மற்றவர்களுக்குக் கொண்டுசென்றார். நாற்பது பேர் கொண்ட குழுவுக்கும் முதலில் ஆறு பேரைப் பழக்குவதே சுருக்கமான வழி. பயிற்சியாளர் திரைப்படத்து அதிகாரியைப்போல் உறுப்பினர்களை இரைந்து அவமதிப்பதை நான் எந்நிலையிலும் ஏற்க மாட்டேன். விடுமுறை நாளில் விரும்பி வந்தவர்கள் அவர்கள். பிழையைப் பெயர் சொல்லாமல் சுட்டிக்காட்டி, அதே அசைவை மீண்டும் செய்யச் சொன்னாலே போதும்.

தற்காலிக மேடைகளிலும் நடைபாலங்களிலும் ஒத்த அடியில் நடப்பதைக் கைவிட வேண்டும். 1831 ஏப்ரல் 12 அன்று இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலம், 74 வீரர்கள் அடியொத்து நடந்து சென்றபோது இடிந்து, ஏறத்தாழ நாற்பது பேர் ஆற்றில் விழுந்தார்கள். உயிரிழப்பு இல்லை. பாலத்தில் அடி கலைத்து நடக்க வேண்டும் என்ற ஆணை பிரித்தானியப் படையில் அதன் பிறகு வழக்கமாயிற்று. பலகை மேடையில் ஏறும் முன் உங்கள் அணித்தலைவரும் அதே கட்டளையைத் தர வேண்டும்.

பொம்மை ஆயுதமாயினும் அதன் முனையைப் பார்வையாளர் பக்கம் திருப்பக் கூடாது. பொது இடத்தில் பயிற்சி என்றால் காவல்துறைக்கும் இடத்தின் பொறுப்பாளருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உண்மையான படைகளின் பதக்கங்களையும் பதவிச் சின்னங்களையும் அலங்காரமாகச் சேர்ப்பதை முற்றாக விலக்குங்கள். பல நாடுகளில் அதற்குச் சட்டத் தடை உண்டு. தடை இல்லாத இடத்திலும் அவற்றை உழைத்துப் பெற்றவர்களை அது புண்படுத்தும்.

முடிவைப் பழகாமல் விடுவதும் தவறே. அணி கடைசி முறையாக நின்றதும் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றுவார், ஒருவர் தண்ணீர் தேடிப் போவார், நடுவில் படம் எடுக்க வந்த குழந்தைகள் நிற்பார்கள். அதனால் கலைந்து போகும் கட்டளை மக்கள் பார்வைக்கு வெளியே, உடை மாற்றும் இடத்தின் வாசலைக் கடந்த பின்னரே வர வேண்டும். அதுவரை நெடுவரிசையில் நடந்து, உள்ளே நின்று, துணையாட்கள் பின்வரிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரின் தலைக்கவசத்தையும் கழற்றி, தலைகளை எண்ணிச் சரிபார்த்த பிறகு அணித்தலைவர் அந்தக் கடைசிக் கட்டளையைத் தரலாம்.