ஹோல்பைன் வரைந்த தாமஸ் மோர்: ஒரு கோட்டோவியத்தைப் படிக்கும் முறை

ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன், இலண்டன் வழக்கறிஞரும் அரசவை அதிகாரியுமான தாமஸ் மோரை 1526–27 வாக்கில் வரைந்த கோட்டோவியங்கள் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் உள்ளன. அவற்றுள் உருவக் கோடுகளின் மேல் ஊசித் துளைகள் கொண்ட தாளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம். இணையத்தில் அதைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

முதலில் முகத்தை விட்டுவிட்டுத் தாளைக் கவனியுங்கள். ஹோல்பைன் 1526 முதல் 1528 வரை இங்கிலாந்தில் தங்கிய முதல் முறை, பூச்சில்லாத தாளில் கறுப்பு, வண்ணச் சாக் கொண்டு வரைந்தார். 1532இல் திரும்பி வந்த பிறகோ பெரும்பாலும் இளஞ்சிவப்புப் பூச்சிட்ட தாளையே பயன்படுத்தினார். எனவே, ஆண்டு குறிப்பிடப்படாத தாளுக்கும் ஓரளவு காலம் கணிக்க முடியும்.

அடுத்து, அந்தத் துளைகள். சேலையில் பூவேலைக்கு டிசைன் பதிப்பவர்கள் செய்வதைப் போலவே, கோடுகளின் மேல் ஊசியால் குத்தி, அதன் மேல் கரித்தூளைத் தட்டினால், கீழே உள்ள பலகையில் உருவம் புள்ளிகளாக இறங்கும். ஆகவே நாம் பார்ப்பது சுவரில் மாட்டுவதற்கான படைப்பன்று, ஓவியத்துக்கான வேலைத்தாள். தொடக்க நிலையினர் பலரும் இதைக் கவனிக்காமல் நேராக ‘சோகமான கண்கள்’ என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

வேலைத்தாள் என்று தெரிந்துவிட்டால் மூன்றாவது படி எளிது: எங்கே நிதானம், எங்கே அவசரம் என்று பிரித்துப் பாருங்கள். முகம் மென்மையான நிழல்களுடன் உருவாகியிருக்க, உடை சில கோடுகளிலேயே முடிந்துவிடுகிறது.

அப்படியானால் மோருடைய பதவியை எங்கே தேடுவது? இதே கோட்டோவியத்தோடு தொடர்புடைய, 1527ஆம் ஆண்டு தேதியிட்ட ஓவியம் நியூயார்க்கின் ஃபிரிக் சேகரிப்பில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வையுங்கள். அங்கே உரோமக் கழுத்துப்பட்டை, சிவப்பு வெல்வெட் சட்டைக்கைகள், கையில் மடித்த தாள், அரசப் பணியைக் காட்டும் எஸ் வடிவக் கண்ணிகள் கோத்த சங்கிலி, அதில் தொங்கும், டியூடர் அரச மரபின் சின்னமான டியூடர் ரோஜா ஆகியவை உள்ளன. சவரம் செய்யாத தாடையையும் மறைக்காமல் தீட்டியிருக்கிறார் ஹோல்பைன். எனக்கு அந்தச் சங்கிலியை விட இந்த முள்தாடிதான் அதிகம் பேசுகிறது.

இறுதியாக, காலவரிசையைச் சரிபாருங்கள். மோர் தலைமை நீதிப் பொறுப்பான லார்டு சான்சலர் பதவியை ஏற்றது 1529இல், தலை வெட்டப்பட்டது 1535இல். அந்தப் பதவியின் பெருமிதத்தையோ மரணத்தின் நிழலையோ இந்தத் தாளில் கண்டதாக எழுதியிருந்தால், அந்த வரியை அடித்துவிடுங்கள்.