மூக்கனேரியில் ஆரம்பிங்க, பிள்ளைகளே

சுற்றுச்சூழலுக்கு ஏதாவது செய்யணும் என்று கேட்டு வரும் என் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது, சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போய்ப் பறவைகளை எண்ணுங்கள் என்பதுதான். குப்பை அள்ளுவதும் மரம் நடுவதும் அப்புறம். 2010-ல் ஊர்மக்கள் கைகோத்து இந்த ஏரியைத் தூர்வாரி, எடுத்த மண்ணையே நடுவில் திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்று பறவைகள் வந்து அடைவது அந்தத் திட்டுகளில்தான்.

விடிந்ததும் கரைக்குப் போய்விடுங்கள், வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 15 நிமிஷமாவது நின்று பாருங்கள். இறக்கையை விரித்துக் காயவைப்பது நீர்க்காகம். கறுத்த உடம்பும் வெள்ளை அலகுமாக மிதப்பது நாமக்கோழி. சட்டென்று முங்கி வேறோர் இடத்தில் தலைகாட்டும் குட்டிப் பறவை, முக்குளிப்பான். நோட்டில் “நிறைய கொக்கு” என்று எழுதாதீர்கள், எண்ணி எழுதுங்கள். பெரிய கூட்டமாக இருந்தால் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதைக் கொண்டு மொத்தத்தைக் கணக்கிடலாம். அடையாளம் தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். காக்கா, மைனாவையும் விடக் கூடாது. கண்ணில் பட்ட அத்தனையும் பட்டியலில் இருந்தால்தான், அதில் இல்லாத பறவை அன்றைக்குத் தென்படவில்லை என்று ஆராய்ச்சி செய்பவர்கள் எடுத்துக்கொள்ள முடியும்.

பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இ-பேர்டு (eBird) செயலியில் ஏற்றுங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பிப்ரவரியில் உலக அளவில் நான்கு நாள் நடப்பதற்குப் பள்ளி வளாகத்திலிருந்தே பதியலாம். ஒரே ஏரிக்கு மாதாமாதம் போகிற பிள்ளையின் நோட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஏற்காடு மலைப்பாதையில் குப்பை பொறுக்கப் போகிறீர்களா? மூட்டை கட்டியபின் அதை யார் எடுத்துப் போவார்கள் என்று முன்கூட்டியே ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ பேசி வையுங்கள். இல்லையென்றால் குரங்குகள் கிழித்து மறுநாளே திரும்பப் பரப்பிவிடும். தடித்த கையுறை, மூடிய காலணி கட்டாயம், உடைந்த பாட்டில்கள் அதிகம். கண்ணாடிக்குத் தனிச் சாக்கு வையுங்கள், தூய்மைப் பணியாளர் கையைக் கிழிக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும் பக்கம் நிற்காதீர்கள். காட்டெருமையைக் கண்டால் விலகி நில்லுங்கள், செல்ஃபி வேண்டவே வேண்டாம். சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

மரம் நடுவதானால் மழைக்காலத்தில் புங்கன், நாவல், கரையோரம் நீர்மருது வையுங்கள். அடுத்த கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் எழுதாமல் குழி வெட்டாதீர்கள்.

பள்ளியில் மாணவர் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப் படை இருக்கிறதா என்று விசாரியுங்கள். மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) உண்டு. கல்லூரியில் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரச் சேவையும் ஒரு சிறப்பு முகாமும் முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். ஏரி வேலையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று திட்ட அலுவலரிடம் முதலிலேயே கேளுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் வீட்டில் கையெழுத்து வாங்கி, பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.