கண்டெய்னர் துறைமுகத்தில் பெர்த் ஒதுக்குவது எப்படி: விழிஞ்ஞம் பக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

நீரோடியிலோ வள்ளவிளையிலோ இரவில் கரையில் நின்று வடமேற்கே பார்த்தால், சில நாட்களில் கடலில் அசையாத விளக்குகள் தெரியும். மீன்பிடிப் படகுகளின் விளக்குகளைவிட உயரமான அவை, துறைமுகத்தில் கப்பல் நிறுத்தும் தளத்தில் இடம் கிடைக்காமல் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களின் விளக்குகள். 2024 ஜூலை 11 அன்று 'சான் பெர்னாண்டோ' என்ற தாய்க்கப்பல் (நெடுந்தொலைவு ஓடும் பெரிய கண்டெய்னர் கப்பல்) கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்த பிறகு, மார்த்தாண்டம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் துறைமுகத் திட்டப் பிரிவு வேலைகளுக்கு முயன்று வருகிறார்கள். பெர்த் திட்டம், அதாவது எந்தக் கப்பல் தளத்தில் எங்கே, எப்போது நிற்கும் என்ற திட்டம், போடுவது என்றால் என்ன, அதை எங்கிருந்து தொடங்குவது என்று அவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பல ஆண்டுகள் அந்த மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணினித் திரையில் நீங்கள் பிற்பாடு பார்க்கப்போகும் படமும் இதே படம்தான் என்பதால், கையால் ஒரு மாதமாவது வரைந்து பழகுவது நல்லது. குறுக்குக் கோட்டில் தளத்தின் நீளத்தையும், நெடுக்குக் கோட்டில் நேரத்தையும் குறியுங்கள். கப்பல் ஒவ்வொன்றும் ஒரு செவ்வகம். அதன் அகலம் கப்பலின் நீளம், அதன் உயரம் கப்பல் தளத்தில் நிற்கும் நேரம். இரண்டு செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. பக்கத்தில் நிற்கும் இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டுவதற்கும் பாதுகாப்புக்கும் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு என்பதைத் துறைமுகத்தின் கடற்பிரிவு முடிவு செய்யும். கப்பல் பெரிதாகப் பெரிதாக அது கூடும். தளத்தில் இடத்தைக் குறிப்பிடும்போது 'இரண்டாம் பெர்த்' என்று பொதுவாக எழுதாமல், முன்பக்கம் எந்தப் பொல்லார்டு (கப்பலின் கயிற்றைக் கட்டும், தளத்திலுள்ள குட்டைத் தூண்), பின்பக்கம் எந்தப் பொல்லார்டு என்று எண்ணோடு எழுதும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். விழிஞ்ஞத்தில் முதற்கட்டத் தளம் 800 மீட்டர் நீளமுள்ள ஒரே நேர்கோடு. இத்தகைய தளத்தை இத்தனை பெர்த் என்று கூறுபோட்டுப் பார்ப்பவர், அங்கே கூடுதலாக ஒரு ஃபீடர் (தாய்க்கப்பலுக்குப் பெட்டிகளைக் கொண்டுவந்து கொண்டுபோகும் சிறு கப்பல்) நிற்கக்கூடிய இடத்தைப் பல நாள் வீணாக்கிவிடுவார்.

அடுத்து, ஒவ்வொரு கப்பலுக்கும் விவரம் சேகரிக்க வேண்டும். மொத்த நீளம், வரும்போதும் போகும்போதும் உள்ள மிதவை ஆழம் (கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் அளவு), வந்து சேரும் நேரம், அடுத்த துறைமுகத்தில் அதற்கு ஒதுக்கப்பட்டுள்ள நேரம், இறக்க வேண்டியதும் ஏற்ற வேண்டியதுமான பெட்டிகளின் எண்ணிக்கை, அவை கப்பலின் எந்தெந்தப் பேயில் (நீளவாக்கில் பிரித்த பகுதியில்) இருக்கின்றன என்று காட்டும் பே பிளான் ஆகியவை முக்கியமானவை. மிதவை ஆழத்தைத் துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கும். இயற்கையாகவே 18 முதல் 20 மீட்டர் ஆழமுள்ள விழிஞ்ஞத்தில் அது பெரும்பாலும் தடையாக இராது. கொச்சியைப் போலத் தூர்வாரிய வழித்தடத்தின் வழியே உள்ளே நுழைய வேண்டிய துறைமுகங்களில் அதுவே முதல் கேள்வியாகிவிடும். வழித்தடத்தின் ஆழம் 14.5 மீட்டர், கப்பலின் மிதவை ஆழம் 13.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பகுதிக்குக் கீழே மிதவை ஆழத்தில் பத்தில் ஒரு பங்கு நீர் இருக்க வேண்டும் என்பது விதியானால், தேவைப்படும் ஆழம் 14.52 மீட்டர். இரண்டு சென்டிமீட்டர் குறைவதால், அந்தக் கப்பல் வேலியேற்றம் (கடல்நீர் மட்டம் உயரும் நேரம்) பார்த்தே உள்ளே வர முடியும். வேலியேற்ற நேரத்தைத் தவறவிட்டால், அந்தச் செவ்வகம் அரை நாள் மேலே நகர்ந்து, அதற்குப் பின்னால் நிற்கும் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகும்.

இனி, புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். தளத்தில் மீட்டர் கணக்கில் இடம் இருப்பதைக் கண்டு கப்பலைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதில் வேலை செய்யக் கிரேன் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கிரேன் இல்லாமல் தளத்தில் நிற்கும் கப்பலும் நங்கூரத்தில் நிற்கும் கப்பலும் ஒன்றே; சொல்லப்போனால் முன்னது கூடுதல் கேடு, ஏனெனில் அது வேறொரு கப்பலின் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கப்பலையும் கிரேன்-மணியால் அளக்கப் பழகுங்கள். ஒரு கிரேன் மணிக்கு 25 பெட்டிகளைத் தூக்குமானால், 1,500 பெட்டிகள் உள்ள கப்பல் 60 கிரேன்-மணி கேட்கிறது; மூன்று கிரேன் கொடுத்தால் 20 மணி நேரம் ஆகும். ஆனால் இந்த வகுத்தல் எப்போதும் உண்மை சொல்லாது. 400 பெட்டிகள் உள்ள ஒரு ஃபீடரில் 250 பெட்டிகள் ஒரே பேயில் அடுக்கப்பட்டிருந்தால், நீங்கள் எத்தனை கிரேனை அனுப்பினாலும் அந்தப் பேயில் ஒன்றுதான் நிற்க முடியும்; கப்பல் பத்து மணி நேரத்துக்கு முன் கிளம்பாது. எந்தக் கிரேனுக்கு வேலை கடைசியாக முடியும் என்பதே கப்பல் எப்போது கிளம்பும் என்பதை முடிவு செய்கிறது. அதனால் பே பிளானைப் பார்க்காமல் எந்தச் செவ்வகத்தின் உயரத்தையும் நிச்சயிக்காதீர்கள்.

கிரேன்கள் தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஒன்றை ஒன்று தாண்ட முடியாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், திட்டம் போடும்போது மறந்துபோகும். நான் முன்பு வேலை செய்த ஒரு துறைமுகத்தில், தளத்தின் நடுவே நின்ற நான்காம் கிரேன் ஒரு நள்ளிரவில் பழுதாகி அசைய மறுத்துவிட்டது. இடப்பக்கம் மூன்று கிரேன்கள் வேலையில்லாமல் நின்றன. வலப்பக்கத்தில் இரண்டு கப்பல்களுக்கு மூன்று கிரேன்கள் மட்டுமே மிஞ்சின. விடியும்வரை இடப்பக்கத்து மூன்றையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். அன்று மாலை நான் எழுதிய திட்டத்தில் 'ஏழு கிரேன்கள்' என்று மொத்தத் தொகை இருந்ததே தவிர, எந்தக் கிரேன் எந்த வரிசையில் நிற்கிறது என்பது இல்லை; அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே நான்காம் கிரேன் கோளாறு காட்டிவந்ததைப் பராமரிப்புப் பிரிவிடம் நான் கேட்டறியவும் இல்லை. அதன் பிறகு, திட்டத் தாளின் அடியில் கிரேன்களை அவை நிற்கும் வரிசையிலேயே எழுதி, சந்தேகமுள்ளதைத் தளத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை நான் விட்டதில்லை.

இப்போது ஒரு கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். எண்கள் பயிற்சிக்காக நான் அமைத்தவை. 800 மீட்டர் தளம், எட்டு கிரேன்கள். 400 மீட்டர் நீளத் தாய்க்கப்பல் ஞாயிறு முடிந்து திங்கள் தொடங்கும் நள்ளிரவு 12 மணிக்கு வருகிறது. வேலை 144 கிரேன்-மணி, அதில் ஒரே நேரத்தில் ஆறு கிரேன்களுக்கு மேல் நிற்க முடியாது. 300 மீட்டர் நீளமுள்ள இரண்டாம் கப்பல் காலை 6 மணிக்கு வருகிறது. வேலை 60 கிரேன்-மணி. 170 மீட்டர் ஃபீடர் காலை 8 மணிக்கு வருகிறது; வேலை 16 கிரேன்-மணி. ஃபீடர் கொண்டுவரும் பெட்டிகளில் ஒரு பகுதி அந்தத் தாய்க்கப்பலிலேயே ஏறிப் போக வேண்டியவை.

வந்த வரிசையில் இடம் கொடுத்தால் என்ன ஆகும்? தாய்க்கப்பலும் இரண்டாம் கப்பலும் இடைவெளியோடு சேர்ந்து ஏறத்தாழ 730 மீட்டரைப் பிடித்துக்கொள்ளும். ஃபீடருக்கு இடம் இல்லை. இரண்டாம் கப்பல் மூன்று கிரேன்களோடு செவ்வாய் அதிகாலை 2 மணிக்கு முடிக்கும். ஃபீடர் 3 மணிக்குத் தளத்தைப் பிடித்து, இரண்டு கிரேன்களோடு 11 மணிக்கு முடிக்கும். தாய்க்கப்பலின் சொந்த வேலை அதிகாலை மூன்றரை வாக்கில் முடிந்துவிட்டாலும், ஃபீடரின் பெட்டிகளுக்காக அது நண்பகல்வரை காத்திருக்க வேண்டும். அல்லது அவற்றை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

வரிசையை மாற்றிப் பாருங்கள். ஃபீடரை 8 மணிக்கே உள்ளே எடுத்து இரண்டு கிரேன்கள் கொடுத்தால் மாலை 4 மணிக்கு முடித்துவிடும். மற்ற ஆறும் தாய்க்கப்பலில் நிற்கும். மாலை 5 மணிக்கு இரண்டாம் கப்பல் தளத்துக்கு வரும்போது அதற்கு மூன்று, தாய்க்கப்பலுக்கு ஐந்து. தாய்க்கப்பல் அதிகாலை ஒன்றரை மணி வாக்கில், ஃபீடரின் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு முடித்துவிடும். அதிலிருந்து விடுபடும் கிரேன்களில் இரண்டை இரண்டாம் கப்பலுக்குச் சேர்த்தால், அது காலை எட்டரைக்கு முடியும். இரண்டாம் கப்பலுக்கு ஆறரை மணி நேரம் நஷ்டம். தாய்க்கப்பலுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் லாபம். ஃபீடருக்குப் பத்தொன்பது மணி நேரம் லாபம். பெட்டிகளை ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதையே தொழிலாகக் கொண்ட துறைமுகத்தில், எந்தப் பெட்டி எந்தக் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்ற பட்டியலைப் பார்க்காமல் வரிசை போடுவது, ரயில் நேரம் பார்க்காமல் ஆட்டோ பிடிப்பதைப் போன்றது.

இரண்டாம் கப்பலின் முகவர் சண்டைக்கு வருவார். வருவதில் நியாயமும் உண்டு. அவரைச் சமாதானப்படுத்த ஒரே வழி, இதை முன்கூட்டியே சொல்வதுதான். வாராந்திரமாக வரும் சேவைகளுக்கு ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட நேரம் என்று பெர்த் சாளரம் இருக்க வேண்டும். சாளரத்துக்குள் வரும் கப்பலுக்கு முன்னுரிமை, தவறி வருவதற்கு இடமிருந்தால் இடம் என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். அதோடு, 72, 48, 24 மணி நேரத்துக்கு முன் கப்பல் தரும் வருகை நேரத்தைக் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், தளம் எப்போது காலியாகும் என்பதை நீங்களும் அதே வேகத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன இரண்டாம் கப்பல் 1,440 கடல்மைல் தொலைவில் 20 நாட் வேகத்தில் (மணிக்கு 20 கடல்மைல்) வந்துகொண்டிருந்தால் 72 மணி நேரத்தில் வந்து சேரும். பத்து மணி நேரம் தாமதித்து மாலை 4 மணிக்கு வரச் சொன்னால் ஏறத்தாழ 17.5 நாட் வேகம் போதும். எந்திரத்துக்கு ஒரு மணி நேரத்தில் ஆகும் எரிபொருள் ஏறக்குறைய வேகத்தின் முப்படியில் ஏறுவதால், அந்தத் தொலைவுக்கு ஆகும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும். 'தேவைப்படும் நேரத்தில் வருகை' என்னும் இந்த முறைக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஆதரவில் 2020இல் ஒரு வழிகாட்டியே வெளியானது. விரைந்து வந்து நங்கூரத்தில் நிற்பதைவிட மெல்ல வந்து நேரே தளத்தைப் பிடிப்பது கப்பலுக்கும் நல்லது, அந்தக் கடலில் வலை வீசும் நம் ஊர்க்காரர்களுக்கும் நல்லது.

பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் ஏற வேண்டிய பெட்டிகள் எந்த பிளாக்கில் அடுக்கப்பட்டுள்ளனவோ, அதற்கு எதிரே கப்பலை நிறுத்த முயலுங்கள். கடைசி நேரத்தில் கப்பலை 300 மீட்டர் தள்ளி நிறுத்தினால், ஒவ்வொரு பெட்டிக்கும் லாரி போகவர 600 மீட்டர் கூடுதலாக ஓடும். 1,500 பெட்டிகளுக்கு அது 900 கிலோமீட்டர். லாரி வந்து சேராமல் கிரேன் காத்திருந்தால், மணிக்கு 25 என்று போட்ட கணக்கு 18க்கு இறங்கிவிடும்.

அடுத்தது இடைவேளை. ஒரு கப்பல் கிளம்புவதற்கும் அடுத்தது வருவதற்கும் நடுவே பைலட் (கப்பலில் ஏறி அதைத் துறைமுகத்துக்குள் வழிநடத்துபவர்), இழுவைப் படகு, கயிறு கட்டும் ஆட்கள் ஆகியோரின் நேரத்தைச் சேர்த்தே போட வேண்டும். இரண்டு கப்பல்கள் ஒரே நேரத்தில் அசைய வேண்டுமென்று எழுதிவிட்டு, இழுவைப் படகுகள் ஒன்றுக்குத்தான் போதும் என்பதைப் பிறகு கண்டுபிடிப்பது வேண்டாத தொல்லை. ஆனி, ஆடி மாதங்களில் இந்த இடைவேளையை இன்னும் கூட்டுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் நாட்களில் பைலட் ஏணி பிடித்து ஏறுவதே கடினமாகும். தளத்தில் கட்டிய கப்பலும் நீள அலையில் முன்னும் பின்னும் ஆடும், அப்போது பெட்டியைச் சரியாகப் பொருத்தி இறக்க ஒவ்வொரு தூக்குக்கும் நேரம் கூடும். தை மாதத்து வேகத்தை வைத்து ஆடி மாதத் திட்டத்தைப் போடக் கூடாது.

தளம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்று மேலதிகாரிகள் விரும்புவார்கள். அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை மரியாதையோடு எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள். ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்க்டாட், தன் துறைமுக வளர்ச்சிக் கையேட்டில், பொதுச் சரக்கு பெர்த் ஒன்றே இருந்தால் 40 சதவீதம், இரண்டு இருந்தால் 50, நான்கு இருந்தால் 60 சதவீத நேரம் நிறைந்திருப்பதே தகும் என்று வரையறுத்தது. நேரம் தவறாமல் வரும் கண்டெய்னர் கப்பல்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் போகலாம். ஆனால் நிறைவு நூறை நெருங்க நெருங்க, காத்திருக்கும் நேரம் சீராக ஏறாமல் திடீரென்று எகிறும். பெர்த்துகள் குறைந்த துறைமுகத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கணினி நிரல்கள் இந்த வேலையில் பெரிய உதவி. பத்துக் கப்பல்களை வரிசைப்படுத்த மட்டும் 36,28,800 வழிகள் உண்டு; அதற்குமேல் இடமும் கிரேனும் சேர்ந்தால் எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பது நிரலாலும் ஆகாது, அதுவும் நல்லதொரு விடையைத் தேடிக் கொடுக்கிறதே தவிர ஆகச் சிறந்ததை உறுதி சொல்வதில்லை. நீங்கள் கொடுக்கும் கிரேன் வேகம் பொய்யானால் அதன் விடையும் பொய்யாகும்.

அந்த வேகத்தை மெய்யாக வைத்திருக்க, ஒவ்வொரு கப்பலுக்கும் ஐந்து நேரங்களைக் குறித்து வையுங்கள்: பைலட் ஏறியது, முதல் கயிறு கட்டியது, முதல் பெட்டி தூக்கியது, கடைசிப் பெட்டி தூக்கியது, கடைசிக் கயிறு அவிழ்த்தது. திட்டத்தில் எழுதிய நேரத்தைப் பக்கத்திலேயே எழுதி, வித்தியாசம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் காரணத்தை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். பணிமுறை (ஷிஃப்ட்) மாறும்போது அந்த நோட்டை அடுத்தவரிடம் கொடுத்து, எந்தக் கிரேன் எங்கே நிற்கிறது என்பதை வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.