வாங்கிய டிராக்டருக்கு உண்மையில் எத்தனை வயசு? கண்டுபிடிக்கும் வழி

போன வைகாசியில், ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்குள் வண்டி வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், மன்னார்குடிப் பக்கம் ஒரு புரோக்கர் மூலமாகப் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினேன். "2018 மாடல்ணே, சிங்கிள் ஓனர்" என்றார். சேறு அடிக்கக் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) மாட்ட வந்த மெக்கானிக் தம்பி பின் டயரைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, டயருக்கு வண்டியைவிட வயசு அதிகமா இருக்கே" என்று சிரித்தான். காசு கொடுத்த பிறகுதான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். நீங்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

முதலில் ஆர்.சி. அதில் பதிவு தேதி தனி, தயாரித்த மாதமும் வருடமும் தனி. 'மாடல்' என்று வாயில் சொல்வது இந்த இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். என்னிடம் புரோக்கர் விரல் வைத்துக் காட்டிய 2018, முந்தைய ஓனர் பெயருக்கு மாறிய தேதி! தயாரிப்பு 2014 என்று கீழே இருந்ததை நான் படிக்கவே இல்லை (சிங்கிள் ஓனர் கதையும் அதோடு முடிந்தது). மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு வருகிற விவரத்தையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். ஷோரூமில் புது வண்டி எடுப்பவர்களும் ஏமாறலாம், டீலர் கொட்டகையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியும் புதுசு என்றுதான் வரும். டீலர் தரும் விற்பனைச் சான்றில், அதாவது படிவம் 21-இல், தயாரிப்பு மாதம் இருக்கும். பதிவுக்குக் கொடுக்கும் முன் அதை ஒரு போட்டோ எடுத்துவையுங்கள்.

அடுத்தது சேஸிஸ் நம்பர், அதாவது வண்டியின் உடலிலேயே பொறித்திருக்கும் எண். கிரீஸையும் சேற்றையும் டீசல் துணியால் துடைத்துவிட்டு, மேலே பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா, சுற்றிலும் கிரைண்டர் ஓடிய தடம் உண்டா என்பது அதில் தெரிந்துவிடும். 17 எழுத்து நம்பர் என்றால் பெரும்பாலும் பத்தாவது எழுத்துதான் வருடம்: ஜே 2018, கே 2019, எல் 2020. குழப்பம் வரும் என்று ஐ, ஓ, கியூ எழுத்துகளைச் சேர்ப்பதில்லை. சில டிராக்டர்களில் நம்பர் வேறு மாதிரி இருக்கும், அப்போது அந்தக் கம்பெனி சர்வீஸ் கவுன்டரில் நம்பரைக் காட்டிக் கேட்பதுதான் சுலபம்.

50 எச்.பி.க்கு மேற்பட்ட வண்டி என்றால் இன்னொரு தடயமும் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் அவற்றுக்கு டிரெம் 4 புகை விதி வந்துவிட்டது. 2024 மாடல் என்று சொல்லும் 55 எச்.பி. வண்டியில் பழைய விதியான டிரெம் 3ஏ என்று ஒட்டியிருந்தால் சும்மா விடாதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். என்னுடையதில் 3614, அதாவது 2014-இன் 36-வது வாரம். டயரை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது, யாராவது பழைய டயரை வாங்கி மாட்டியிருக்கலாம். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, பின்னால் கலப்பை மாட்டும் கைகளின் ஓட்டை முட்டை வடிவமாக அகன்றிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரை நான் நம்புவதில்லை. வாங்கும்போது 1,140 காட்டியது, ஒரு மாதம் சேறு அடித்த பிறகும் அதே 1,140.

சரி, வயசு தெரிந்துவிட்டது. ஆனால் நம்ம பக்கம் வருடத்தைவிட வண்டி எங்கே உழைத்தது என்பதுதான் பெரிய கேள்வி. டிஎன் 46, பெரம்பலூர் வண்டி, மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் புழுதியில் ஓடியிருக்கும். டிஎன் 50 (திருவாரூர்), டிஎன் 51 (நாகப்பட்டினம்) என்றால் குறுவை, சம்பா, தாளடி என்று ஒவ்வொரு பட்டத்துக்கும் அச்சு முங்கச் சேற்றில் நின்றிருக்கும், ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் ஏறி பேரிங்கைத் தின்றிருக்கும். இதைச் சோதிக்கப் பைசா செலவில்லை. வண்டியை ராத்திரி முழுக்க அசைக்காமல் நிறுத்திவையுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், பின் ஆக்சிலின் டிரெயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு டம்ளர் பிடியுங்கள். அடியில் தங்கியிருந்தால் முதலில் தண்ணீர்தான் வரும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தாலும் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. விற்பவர் ராத்திரி நிறுத்தச் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டியே வேண்டாம்.

டிராக்டரோடு சேர்த்து வாங்கும் உழவுக் கருவியான ரோட்டவேட்டருக்கு ஆர்.சி. கிடையாது. அதில் இருக்கும் கம்பெனித் தகட்டில் சீரியல் நம்பர் பார்த்து, பழைய பில் கேளுங்கள். தகட்டின் மேலேயே பெயின்ட் அடித்திருந்தால் விலையைப் பாதியிலிருந்து பேச ஆரம்பியுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? போனில் கத்தாதீர்கள். என்ன மாடல் என்று சொல்லி விற்றார் என்பதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆர்.சி. நகல், டயர் போட்டோ, பென்சில் அச்சு எல்லாவற்றையும் ஒரே கவரில் போடுங்கள். டீலரிடம் வாங்கியதாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம், அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். தனி ஆளிடம் வாங்கியதற்கு அந்த வழி கஷ்டம், அங்கே கையில் நிறுத்திவைத்த பாக்கிப் பணம்தான் பேசும். பெயர் மாறும்வரை கொஞ்சம் பாக்கி வையுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதை இதுவரை பழைய பஞ்சாங்கம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அந்த 40,000 ரூபாய் பாக்கிதான் உதவியது. இரண்டு நாள் டீக்கடையில் உட்கார்ந்து பேசி 30,000 குறைத்துக்கொண்டேன், அதில் பாதி பின் ஆக்சில் சீலுக்கும் பேரிங்குக்கும் போய்விட்டது.