துவர்ப்பைக் கசப்பு என்று எண்ணி: போர்தோ சிவப்பு ஒயினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் போர்தோ பகுதியில் விளையும் போயாக் என்ற சிவப்பு ஒயினை முதன்முதலாக வாயில் வைப்பவர்கள் பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். “கசக்குதே, இதுக்கா இந்த விலை?” பாரிஸுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன். அது கசப்பு இல்லை, துவர்ப்பு. கொட்டைப் பாக்கைக் கடித்தாலோ வாழைப்பூவைப் பச்சையாக மென்றாலோ நாக்கும் ஈறும் வறண்டு இழுத்துப் பிடிக்குமே, அதே சங்கதிதான். திராட்சையின் தோல், விதை, ஓக் பீப்பாய் மூன்றிலிருந்தும் இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வழவழப்புப் போய் வாய் காய்கிறது. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் வைத்திருக்கும் நாம் அதைக் கசப்பு என்று தள்ளுவது வேடிக்கை. போர்தோ ஒயினில் நடக்கும் தவறுகளில் பாதி, இந்தத் துவர்ப்பைக் கையாளத் தெரியாததால் வருபவை.

போயாக், ஜிரோந்து முகத்துவாரத்தின் இடது கரையில் மெடோக் பகுதியில் இருக்கும் சிற்றூர். அங்கே கூழாங்கல் மண். தண்ணீர் நிற்காது, பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞோன் திராட்சைக்கு அந்தச் சூடு வேண்டும். சின்னப் பழம், தடித்த தோல், அதனால் துவர்ப்பும் அதிகம். வலது கரையில் சேந்த்-எமிலியோன், பொமரோல் பக்கம் போனால் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். அங்கே மெர்லோ திராட்சைதான் ராஜா, ஒயினும் சதைப்பற்றோடு மென்மையாக இருக்கும். துவர்ப்பு பழகாதவர்கள் வலது கரையில் தொடங்காமல், பெயரைப் பார்த்து நேரே போயாக்கில் போய் விழுகிறார்கள்.

அதிலும் மூன்று நான்கு வயதுப் பாட்டிலைத் திறப்பது காயைப் பறித்துத் தின்பது போல. நல்ல போயாக், 10, 15 ஆண்டுகள் படுத்துக் கிடந்தால் டானின் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, கொஞ்சம் கொஞ்சமாக வண்டலாகப் படிகிறது. கருநீலம் கலந்த சிவப்பு, செங்கல் நிறத்துக்கு இறங்குகிறது. இளமையில் பிளாக்கரன்ட் என்ற கரும்பழத்தின் வாசம் அடித்தது, இப்போது தேவதாரு மரம், சுருட்டுப் பெட்டி, அப்போதுதான் சீவிய பென்சில். பென்சில் என்றதும் சிரிக்க வேண்டாம், ஒருமுறை முகர்ந்துவிட்டால் மறக்காது. அதற்காக எல்லா ஒயினும் வைக்க வைக்க ஊறும் என்று நம்பி, சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய சாதாரண போர்தோவைப் பத்து வருடம் பரணில் ஏற்றிவிடாதீர்கள். பழவாசம் போய் சப்பென்று ஆகிவிடும். அதெல்லாம் வாங்கி ஓரிரு ஆண்டில் குடிப்பதற்கு.

வைக்கும் இடத்தில் நானே கோட்டை விட்டிருக்கிறேன். 2005 நல்ல ஆண்டு. அந்த ஆண்டு மெடோக் பாட்டில் ஒன்று பரிசாக வந்தது. சமையலறையில் அடுப்புக்கு மேல் அலமாரியில் நிறுத்தி வைத்தேன், இரண்டு வருடம். எடுத்துப் பார்த்தபோது கார்க் ஒரு நெல் அளவு மேலே எழும்பியிருந்தது, கழுத்தில் பிசுபிசுவென்று ஒரு கோடு. குடித்தால் வேகவைத்த ஆல்பக்கோடா. சூடு, வெளிச்சம், ஆட்டம் மூன்றும் ஆகாது. பாட்டிலைப் படுக்க வைத்தால்தான் கார்க் நனைந்து இறுகி இருக்கும். நிலவறை இல்லாதவர்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான மூலையைத் தேட வேண்டியதுதான்.

“சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்” என்பது அடுத்த பொறி. பிரெஞ்சில் ‘ஷாம்ப்ரே’ என்பார்கள்: நிலவறையிலிருந்து எடுத்த பாட்டிலை அறையில் வைத்துக் குளிர் தணியவிடுவது. அந்தச் சொல் பிறந்த காலத்துக் கல்வீட்டில் அறையே 16, 18 டிகிரிதான். ரேடியேட்டர் ஓடும் இன்றைய வீட்டில் 22, கோடையில் 28. பக்கத்து வீட்டில் போர்தோக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். பாட்டிலை 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்ததைப் பார்த்து நான் சிரித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன்பே வெளியே ஊற்றி வைத்திருந்த கிளாஸையும், குளிர்ந்த பாட்டிலிலிருந்து ஊற்றிய கிளாஸையும் என் முன்னால் நகர்த்தினார். முதலாவதில் ஆல்கஹால் மூக்கில் ஏறியது, பழம் ஜாம் மாதிரி. இரண்டாவதில் வாசமும் துவர்ப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. அன்றிலிருந்து நானும் ஃப்ரிட்ஜ்காரன். ரொம்ப நேரம் விட்டால் மட்டும் ஆபத்து: மிகக் குளிர்ந்தால் துவர்ப்பு முரடாகிவிடும்.

லேபிளைப் படிப்பதிலும் ஏமாறலாம். ‘கிராண் வேன் த போர்தோ’ என்று பொன்னெழுத்தில் இருப்பது தரவரிசை அல்ல. ‘சேந்த்-எமிலியோன் கிராண் க்ரூ’ என்பதும் அப்படித்தான். பின்னால் ‘க்ளாஸே’ என்ற சொல் சேர்ந்தால்தான் வகைப்படுத்தப்பட்ட தோட்டம். மெடோக்கின் புகழ்பெற்ற வரிசை, 1855 பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக, அன்றைய சந்தை விலையை வைத்துத் தரகர்கள் போட்டது. முதல் தரத்தில் லாஃபீத், லாத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என்று நான்கு தோட்டங்கள். மூத்தோன் ரோத்ஷில்ட் 1973இல்தான் அந்த வரிசையில் ஏறியது. பெத்ருஸ் என்ற பேர்பெற்ற ஒயின் விளையும் பொமரோலில் வரிசையே கிடையாது. அதனால் வரிசையை மட்டும் பார்த்து வாங்குவதைவிட ஆண்டையும் பார்ப்பது நல்லது: 2010, 2016 திடமானவை, 2013 மெலிந்தது.

கார்க்கை எடுத்துவிட்டு “மூச்சு விடட்டும்” என்று பாட்டிலை அப்படியே மேசையில் வைப்பதால் பெரிய பயன் இல்லை. காற்றுப் படுவது பாட்டில் கழுத்தின் ஒரு நாணய அகலத்தில்தான். இளம் ஒயினை அகலமான குடுவைக்கு மாற்றி ஓரிரு மணி நேரம் விட்டால் துவர்ப்பு இளகும். முதிய ஒயினுக்கு இதே வைத்தியம் செய்தால் வாசம் பறந்துவிடும். அதை முதல் நாளே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் இறக்கி, கழுத்துக்குப் பின்னால் விளக்கு வைத்து, பரிமாறும் நேரத்தில் நிதானமாக ஊற்ற வேண்டும். வண்டல் கழுத்தை எட்டியதும் கை நிற்க வேண்டும்.

போயாக்கில் இதோடு ஆட்டுக்குட்டி இறைச்சி சாப்பிடுவார்கள். இறைச்சியின் கொழுப்பும் புரதமும் இருக்கும்போது துவர்ப்பு உறுத்தாது. மிளகாய்க் காரம் நேர் எதிர்: ஆல்கஹாலும் துவர்ப்பும் இரண்டு மடங்காக எரியும். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கம் வாங்கிய கொத்து ரொட்டியோடு நல்ல போயாக்கைத் திறந்த நண்பரைத் தடுக்க முடியவில்லை, இரண்டும் வீண். சீஸ் என்றாலே சிவப்பு ஒயின் என்பதும் தவறு. ரோக்ஃபோர் என்ற நீலப்பூஞ்சைச் சீஸுக்குப் பொருத்தம், போர்தோவிலேயே சோத்தேர்ன் பக்கத்து இனிப்பு வெள்ளை ஒயின்.

உணவகத்தில் முதலில் கொஞ்சம் ஊற்றித் தருவது பிடித்திருக்கிறதா என்று கேட்க அல்ல, கெட்டிருக்கிறதா என்று பார்க்க. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க்கால் ஒயின் கெட்டிருக்கிறது. திருப்பித் தர வெட்கப்பட வேண்டாம். கிளாஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் வாசத்துக்கு இடம் இருக்காது. இதயத்துக்கு நல்லது என்று சொல்லிக் குடிப்பவர்களுக்கு ஒரு வரி: பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது.

மிஞ்சியதைக் கார்க் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இளம் போயாக் மறுநாள் சில சமயம் இன்னும் நன்றாக இருக்கும். முதியது அன்றிரவே முடிந்துவிட வேண்டும்.